ஊர்தோறும் ஒரு துணை



மதுவின் தீமை குறித்து நம் சமுதாய இதழ்களில் வெளியாகும் கட்டுரைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவை பெரும்பாலும் குடிக்காதவர்கள் எழுதி, குடிக்காதவர்கள் படித்து, குடிக்காதவர்களே பாராட்டும் கட்டுரைகள். குடிப்பவர் அந்தப் பக்கத்தைப் பாராமல் தள்ளிவிடுவார். குடியை விட வேண்டுமென்று உள்ளூரத் தவிக்கும் ஒருவர் இருக்கிறாரே, அவர் மட்டும் வீட்டார் உறங்கிய பிறகு அதை எடுத்துப் படிப்பார். மது ஹராம் என்பது அவருக்குத் தெரியும். ஈரல் கெடும் என்பதும் தெரியும். நாளைக் காலையில் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. அதற்குரிய விடை அப்பக்கத்தில் இராது.

இக்கட்டுரை அவருக்கும், அவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்வோருக்கும் எழுதப்படுவது. "நம் வீடுகளில் அப்படி யார் இருக்கிறார்கள்?" என்று கேட்போர் உளர். அவர்கள் வீட்டில் இல்லையென்றால் அல்ஹம்துலில்லாஹ்! அன்னார் இப்பக்கங்களைத் தாண்டிச் சமையல் குறிப்புக்குச் செல்லலாம், எனக்கு வருத்தமில்லை.

நான் அருப்புக்கோட்டையில் குடியிருப்பவன். தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் அக்காவைத் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் மணமுடித்துக் கொடுத்திருக்கிறோம். மச்சானின் கதையை அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன். "எழுதுங்க மாப்பிள்ளை, பேரு மட்டும் வேண்டாம்" என்றார். எனவே கட்டுரையின் அடியில் என் பெயரும் இராது. இன்னாருடைய மைத்துனர் என்று கணக்குப் போடுவதில் எங்கள் பக்கத்து மக்கள் வல்லவர்கள்.

எங்கள் சீமையை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி நோக்கிச் செல்லும் சாலையின் இருபுறமும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். நிறைந்தால் ஒரு போகம் விளையும். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ரமண மகரிஷி 1879ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்பதால் திருச்சுழிக்கு வெளியூர் மக்கள் வந்து போகிறார்கள். மற்றபடி இங்கே தடையின்றிச் செழிப்பது சீமைக்கருவேல மரம் ஒன்றுதான். நிலத்தைக் கெடுத்தது அந்த மரம் என்று ஏசுகிறோம். நிலம் கைவிட்ட குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியதும் அதே மரம்தான். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை கட்டி வெளியூர்களுக்கு அனுப்புவது இப்பகுதியின் பெரும் தொழில்களுள் ஒன்று. மச்சான் கரி வியாபாரி. கேரளம், பெங்களூர், மும்பை என்று லோடு செல்லும் இடமெல்லாம் பணம் வசூலிக்கத் தாமும் லாரியில் ஏறிச் செல்வார். அந்தப் பயணங்களில்தான் குடி தொடங்கியது. தொடங்கிய பிறகு ஊருக்குள்ளும் வந்து சேர்ந்தது.

தமிழகத்தில் மதுக்கடை அடைந்ததும் திறந்ததும் பெரிய வரலாறு. ராஜாஜி 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு பிறகு மாநிலம் முழுவதும் பரவி, 1971இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு மூடுவதும் திறப்பதுமாய் இருந்து, 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. கடை எங்கே இருக்கிறது என்பதை எங்கள் பக்கத்துச் சிறு பிள்ளையும் சொல்லும். குடியை விட்டவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கேட்டால் பெரியவர்களுக்கும் தெரியாது.

மச்சானைத் திருத்த நடந்த முயற்சிகளை விரித்துரைக்கப் போவதில்லை. பெரியவர்கள் அழைத்துக் கண்டித்தார்கள். சத்தியம் வாங்கினார்கள். ஆனால் இரண்டு செய்திகளை மட்டும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, ஒரு பொட்டலம். பக்கத்து ஊர் ஒன்றில் ஒருவர், உணவில் கலந்து கொடுத்தால் குடியை மறக்கடிக்கும் என்று ஒரு பொடியை விற்றுக் கொண்டிருந்தார். அக்கா அதை வாங்கி, கலப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். நான் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தொடக்கூட விரும்பவில்லை. டைசல்பிராம் என்றொரு மருந்து உண்டு; மதுவுடன் சேர்ந்தால் அது உடலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்று 1948இல் டென்மார்க் நாட்டவர் கண்டறிந்து சிகிச்சைக்குக் கொண்டுவந்தனர். உண்பவருக்குத் தெரிந்து, அவர் இசைந்து, மருத்துவரின் மேற்பார்வையில் உண்டால் அது பயனுள்ள மருந்து. தெரியாமல் குழம்பில் கலந்து கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்துவிட்டால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படிப்பட்ட பொட்டலங்களில் அந்த மருந்து இருக்கிறதா, வேறு ஏதேனும் இருக்கிறதா என்பதை விற்பவர் சொல்லப்போவதில்லை. சகோதரிகளே, தயவுகூர்ந்து அதை வாங்காதீர்கள்.

இரண்டாவது, ரமளான். மச்சான் எத்தனை குடித்தாலும் ரமளான் பிறை தெரிந்துவிட்டால் தொட மாட்டார். முப்பது நாளும் நோன்பு, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி, தராவீஹ். வீடே பூத்துப் போகும். பெருநாள் கழிந்து மூன்றாம் நாளோ நான்காம் நாளோ பழைய கதை தொடங்கும். "முப்பது நாள் விட முடிந்த மனுசருக்கு முப்பத்தோராவது நாள் ஏன் முடியலே? அப்ப இது திமிருதானே?" என்று உறவினர் கேட்பார்கள். அக்காவிடம் அதற்குப் பதில் இல்லை. மச்சானிடமும் அன்று இல்லை. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்த இடத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

2011ஆம் ஆண்டு அவர் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள், பிடிவாதமாய்த் திடீரென்று நிறுத்தியிருந்தார். கைகால் நடுங்கி, உறக்கமின்றி, இல்லாதவற்றைக் கண்டு பேசத் தொடங்கியிருந்தார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் பிதற்றலும் வரக்கூடும், அது உயிரையும் பறிக்கக்கூடும் என்பதை நாங்கள் அங்கேதான் அறிந்தோம். "நல்லதுதானே, நிறுத்திவிட்டார்" என்று வீட்டிலேயே பூட்டி வைப்பது பெரும் ஆபத்து. முதல் சில நாட்களுக்கு மருத்துவரின் துணை வேண்டும்.

உடல் தேறிய ஆறாம் நாள் வார்டுக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மற்றவர் தச்சு வேலை செய்பவர். மச்சானின் கட்டிலருகே அமர்ந்து, தாங்கள் குடித்த கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். சட்டையில் பாட்டிலை எப்படி மறைத்தார்கள், சம்பளத்தை எப்படித் தொலைத்தார்கள், பிள்ளையின் கொலுசை எங்கே அடகு வைத்தார்கள்! மச்சான் தலைநிமிர்ந்து கேட்டார். அதுகாறும் அறிவுரை சொன்ன எவர் முகத்தையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. எழுந்து செல்லும்போது நடத்துநர் சொன்னார்: "பாய், உங்களுக்குப் புத்தி சொல்ல நாங்க வரலே. இப்படி யாரையாவது வந்து பாத்தாத்தான் நாங்க இன்னிக்குக் குடிக்காம இருப்போம். நீங்க எங்களுக்கு உதவி செஞ்சிருக்கீங்க."

எனக்கு அது வியப்பாக இருந்தது. பின்னர் படித்தறிந்தபோது, அவர்கள் சார்ந்திருந்த இயக்கமே அந்த ஒரு கருத்திலிருந்து பிறந்தது எனத் தெரிந்தது. அதன் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். பெயர் வெளியிடாத குடிநோயாளர்கள் என்பது பொருள். 1935 மே மாதம் பில் வில்சன் என்ற நியூயார்க் நகரத்தவர் தொழில் விஷயமாக அக்ரன் என்ற டயர்த் தொழிற்சாலை நகருக்குச் சென்றார். வந்த காரியம் கெட்டது. குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்த அவர், அறிமுகமற்ற ஊரில், ஓட்டல் முகப்பில் தனியே நின்றார். ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியின் பக்கம் சென்று, ஊரிலுள்ள தேவாலயத்தாரை அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அவ்வாறு கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் மட்டுமே இருப்பேன் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் அமர்ந்திருந்தார். சில வாரங்களில் அவர் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குச் சென்று, அங்கே மீண்டும் குடித்துத் திரும்பினார். அதன் பிறகு 1935 ஜூன் 10ஆம் நாள் குடித்ததே அவரது கடைசி மது. அந்த நாளையே இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். இந்தியாவில் அது 1957இல் வேரூன்றியது. இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் 20 லட்சம் பேர் அதில் இருப்பதாகக் கணக்கு. கட்டணம் இல்லை. வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே நுழைவுச் சீட்டு.

மதுரையில் மச்சானுக்குச் சொல்லப்பட்ட கூட்டம் ஒரு தேவாலய வளாகத்து அறையில் நடந்தது. வந்தது சிக்கல்! "குடிச்சதும் போதாதுன்னு சர்ச்சுக்குப் போறாரா?" என்றார்கள் உறவினர். அக்காவுக்கும் மனம் ஒப்பவில்லை. இயக்கத்துக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது, கிடைக்கும் அறையை வாடகைக்கு எடுக்கிறார்கள், பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் அறை தருகின்றன என்பதை யார் விளக்கியும் பயனில்லை. அவர்கள் கூறும் பன்னிரண்டு படிகளில் இறைவனைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அவரவர் புரிந்துகொண்ட வகையில் இறைவன் என்றே வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

இறுதியில் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் சென்றோம். அவர் வயதானவர், அதிகம் பேசாதவர். முழுவதும் கேட்டுவிட்டு, புகாரி நூலில் உள்ள ஒரு செய்தியை எடுத்துரைத்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மீண்டும் மீண்டும் குடித்துத் தண்டனைக்குக் கொண்டுவரப்பட்டார். எத்தனை முறைதான் இவனைக் கொண்டுவருவது என்று ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்க வேண்டாமென்று தடுத்த பெருமானார் அவர்கள், அம்மனிதர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறினார்கள். ஹஜ்ரத் அவர்கள் இதைச் சொல்லிவிட்டு, "அந்த அறையிலே என்ன செய்யறாங்க தம்பி?" என்று என்னைக் கேட்டார்கள். "குடிச்ச கதையைச் சொல்லிக்கறாங்க, டீ குடிக்கறாங்க, இன்னிக்குக் குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போறாங்க" என்றேன். "வணக்கம் எதுவும் இருந்தா அந்த நேரம் நீங்க உங்க துஆவைக் கேளுங்க. அஸரைத் தொழுதுட்டு மச்சானைக் கூட்டிட்டுப் போங்க" என்று கூறி எழுந்துவிட்டார்கள். அன்று அவர்கள் தடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அஞ்சுகிறேன்.

அந்த வாரமே சென்றோம். காரியாபட்டி வழியாக மதுரைக்கு ஐம்பது கிலோமீட்டர். திறந்த கூட்டம், உறுப்பினர் கூட்டம் என்று இருவகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு வீட்டாரும் வரலாம் என்பதால் நானும் உள்ளே அமர்ந்தேன். இருபது பேர் இருக்கலாம். வங்கி அதிகாரி ஒருவர். அவரருகே சுமைதூக்கும் தொழிலாளி. சிறிது நேர மௌனம், ஒரு சிறு வாசிப்பு. பின் ஒவ்வொருவராகத் தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று கூறிப் பேசினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்தவருக்கு யாரும் தீர்வும் சொல்வதில்லை. ஆசிரியத் தொழில் செய்தவனுக்கு அது எத்தனை கடினம் என்பதை வாசகர்கள் உணர்வார்கள்! ஒரு பெட்டி சுற்றி வந்தது. இயன்றவர் இயன்றதைப் போட்டார்கள். ஒருவருக்கு அன்று "பிறந்தநாள்". குடியை விட்டு நான்காண்டு நிறைந்ததற்காக ஒரு கேக் வெட்டினார்கள். மச்சான் முதல் மூன்று வாரம் பேசவில்லை. நான்காம் வாரம் எழுந்து பெயரைச் சொல்லிவிட்டு, கரிமூட்டத்தைப் பற்றிப் பேசினார்.

மூட்டம் போடுவது என்றால், விறகை நெருக்கி அடுக்கி, தழை பரப்பி, மேலே மண் பூசி, உள்ளே நெருப்பிட்டு, காற்றுப் புகாமல் நாட்கணக்கில் புழுங்க விடுவது. இரவில் ஆள் காவல் இருக்க வேண்டும். எங்கேனும் மண் உள்வாங்கி ஓட்டை விழுந்தால் உடனே அடைக்க வேண்டும். ஓர் இரவு காவற்காரர் உறங்கிவிட்டால் காலையில் கரி இராது, சாம்பல்தான். "ரமலான்ல ஊரே எனக்குக் காவல் இருந்துச்சு. சஹருக்கு எழுப்ப ஆளு, கஞ்சிக்கு ஆளு, தராவீஹுக்குத் தோளோடு தோளா ஆளு. பெருநாள் முடிஞ்சா எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போயிருவாங்க. நான் தனியா நிப்பேன்" என்றார். உறவினரின் கேள்விக்கு விடை அன்று எனக்குக் கிடைத்தது. அவர் நோன்பு மாதத்தில் குடிக்காமல் இருந்தது தம் உறுதியால் மட்டுமன்று. விலகி நிற்போர் பலர் நடுவே தாமும் ஒருவராய் நின்றதால். அப்படி ஒரு கூட்டம் மற்ற பதினொரு மாதங்களுக்கும் வேண்டியிருந்தது.

ஆனால் மதுரையில் வாரம் ஒருமுறை கிடைத்த துணை லாரியில் ஏறினால் கூட வருவதில்லை. ஐந்தாம் மாதம் மும்பையில் பணம் வசூலாகவில்லை. இரண்டு நாள் அலைச்சல், சரியான சாப்பாடில்லை, வியாபாரியோடு வாய்ச்சண்டை. மூன்றாம் இரவு குடித்துவிட்டார். பசி, கோபம், தனிமை, களைப்பு என்னும் நான்கும் ஒன்றாகச் சேரும் நேரத்தைக் குறித்து அக்கூட்டங்களில் ஓயாமல் எச்சரிப்பார்கள். நான்கும் அன்று சேர்ந்திருந்தன. திரும்பி வந்தவர் மதுரைக் கூட்டத்துக்குச் செல்ல வெட்கப்பட்டு ஒரு மாதம் வீட்டிலேயே கிடந்தார். நடத்துநர் பேருந்தேறி வந்தார். கண்டிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ அக்கா கொடுத்த தேநீரை அருந்திவிட்டு, "மும்பையிலே நம்ம ஆளுங்க இல்லேன்னு யார் சொன்னது?" என்று மட்டும் கேட்டார்.

இயக்கத்தின் இந்திய அலுவலகமே மும்பை பைகுல்லாவில்தான் இருக்கிறது! அடுத்த பயணத்திலிருந்து மச்சான் ஒரு பழக்கம் ஏற்படுத்திக்கொண்டார். ஓர் ஊரில் இறங்கியதும் பள்ளிவாசல் எங்கே என்று விசாரிப்பார். அதையடுத்துக் கூட்டம் எங்கே என்று தொலைபேசியில் விசாரிப்பார். மும்பையில் கூட்டம் இந்தியில் நடந்தது. லாரிக்கார இந்தியில் தொடங்கி, சொல் கிடைக்காமல், பாதிக்குமேல் தமிழில் பேசினாராம். "பாதிப் பேருக்கு ஒண்ணும் வெளங்கியிருக்காது மாப்பிள்ளை. ஆனா எல்லாரும் தலையாட்டினாங்க. வெளங்கித்தான் ஆட்டினாங்க" என்றார். எர்ணாகுளத்தில் மலையாளக் கூட்டம். அங்கே ஒரு மலையாளி முஸ்லிமைச் சந்தித்திருக்கிறார். கூட்டத்தில் தம்மைப்போல் தொழுகைத் தொப்பியைச் சட்டைப் பையில் வைத்திருந்த ஒருவரைக் கண்டது அதுவே முதல்முறை. இருவரும் மஃக்ரிப் தொழுதுவிட்டு நெடுநேரம் பேசியிருக்கிறார்கள். பெங்களூரில் கிட்டத்தட்ட எல்லா மொழியும். அங்கே சந்தித்த ஒருவர் சென்ற ஆண்டு திருச்சுழிக்கே வந்து, கண்மாய்க் கரையில் நடந்துவிட்டுப் போனார். அவர் என்ன வேலை செய்கிறார் என்று மச்சானுக்கு இன்றும் தெரியாது, கேட்டதில்லையாம்.

கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய் ஆகிய ஊர்களிலும் இக்கூட்டங்கள் உண்டு. நம் பிள்ளைகள் பிழைக்கச் செல்லும் ஊர்கள் இவை என்பதால் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1989இல் முஸ்லிம்கள் சிலர் மில்லத்தி இஸ்லாமி என்ற பெயரில், பன்னிரண்டு படிகளை மார்க்க நெறிக்கேற்ப அமைத்துக்கொண்டு தனியே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். அது பற்றி மச்சானிடம் சொன்னபோது, "நல்லதுதான். ஆனா எனக்கு அந்தத் தச்சரும் வேணும்" என்றார்.

இவையெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சுத்தானே என்று ஐயுறுவோர் இருக்கலாம். மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றவற்றை, எடைபோட்டது. மதுவை முற்றிலும் விட்டிருப்பதில், இக்கூட்டங்களுக்கு ஆட்களை முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, சிலவற்றைவிட மேலானது என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வந்து போன பலரை மச்சான் பிறகு பார்த்ததில்லை.

தமிழகத்தில் இத்துறைக்கு வழிகாட்டியவர் சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார். குடிநோயால் கணவரை இளம் வயதில் இழந்த அவர், 1980இல் கணவர் பெயரால் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அந்நிறுவனம் மஞ்சக்குடி என்ற கிராமத்தில் நடத்திய சிகிச்சை முகாம்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஏக்கம் உண்டாயிற்று. மருத்துவமனையைத் தேடி ஏழை வர முடியாது என்பதால் சிகிச்சையையே ஊருக்குக் கொண்டுசென்று, ஊராரையும் பொறுப்பேற்க வைத்தார்கள். எங்கள் நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் அப்படி ஒரு முகாம் நடந்தால் எத்தனை குடும்பம் மீளும்!

2020 மார்ச்சில் நாடு அடங்கியபோது கூட்டங்களும் நின்றன, கடைகளும் அடைபட்டன. கடை அடைபட்டது நல்லது என்றே பலரும் எண்ணினர். நடுக்கத்தோடு வீட்டுக்குள் கிடந்தவர்களின் நிலையை நினைத்தோர் சிலரே. மே 7ஆம் நாள் கடைகள் திறக்கப்பட்டபோது வெயிலில் நின்ற வரிசைகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அது ரமளான் மாதம். அன்று மச்சான் நோன்பு வைத்துக்கொண்டு, காலையிலிருந்து கைப்பேசியில் ஒன்பது பேரை அழைத்துப் பேசினார். நடத்துநர், தச்சர், எர்ணாகுளத்துக்காரர் எனப் பட்டியல் நீண்டது. "அவங்களுக்குத் தைரியம் சொல்றீங்களா?" என்று அக்கா கேட்டதற்கு, "எனக்குச் சொல்லிக்கறேன்" என்று பதில் வந்தது.

வீட்டாருக்கும் இதுபோல் ஓர் அமைப்பு உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிசும் மற்றொரு பெண்மணியும் 1951இல் தொடங்கிய அல்-அனான் அது, இந்தியாவிலும் இருக்கிறது. அக்கா இரண்டு முறை மதுரையில் அக்கூட்டத்துக்கு வந்தார். பேசவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பேருந்தில், "தம்பி, அவுக குடிச்சதுக்கு நான்தான் காரணம்னு இத்தன வருசமா நெனச்சிட்டு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூன்றாம் முறை வரவில்லை; தேவை தீர்ந்துவிட்டது என்கிறார். அது சரியா என்று நான் கேட்பதில்லை. எங்கே தொடங்குவது என்று அறியாத வீட்டார் 14446 என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்தால் அருகிலுள்ள சிகிச்சை மையத்தைச் சொல்வார்கள். பெயரைச் சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை.

அருப்புக்கோட்டையில் மச்சானும், ஒரு நெசவாளரும், பந்தல்குடியிலிருந்து வரும் ஓர் இளைஞரும் சில ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நெசவாளரின் தறிக்கூடத்தில் கூடிவந்தனர். இருவர் கூடினாலே கூட்டம்தான் என்பது அவர்கள் வழக்கு. அந்த இளைஞர் இன்னும் முழுவதும் விடவில்லை. விட்டுவிட்டு வருவார், தொட்டுவிட்டும் வருவார். எப்படி வந்தாலும் தேநீர் உண்டு.

இரண்டாண்டுகளுக்கு முன் மச்சானின் இளைய மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் அத்தா பேசிக்கொண்டே வந்தவர், நாங்கள் அஞ்சிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டுவிட்டார்: "உங்களைப் பத்தி முன்னே ஏதோ சொன்னாங்களே?" அறையே அடங்கிப்போயிற்று. அக்கா அடுக்களை வாயிலில் நின்றுகொண்டிருந்தார். மறுத்துவிடலாம், பழைய கதை என்று சிரித்து மழுப்பலாம். மச்சான், கூட்டத்தில் சொல்வதைப் போலவே, முழுவதும் சொன்னார். மும்பையில் மீண்டும் குடித்ததையும் விடவில்லை. வந்தவர்கள் தேநீரை முடித்து எழுந்தார்கள். வாசலில் செருப்பைத் தேடியபடியே அந்தப் பெரியவர் என்னை ஒதுக்கி அழைத்து, "அந்தக் கூட்டம் என்னைக்கு நடக்குது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்தச் சம்பந்தம் வேறு காரணங்களால் கூடவில்லை. மகளுக்குக் காரியாபட்டியில் நல்ல இடம் அமைந்தது. ஆனால் பெரியவரின் தம்பி அடுத்த மாதமே தறிக்கூடத்துக்கு வந்தார். இப்போது நால்வர். கோடையில் அங்கே வெக்கை தாங்க முடிவதில்லை என்பதால் மாலை ஐந்து மணிக் கூட்டத்தை மஃக்ரிபுக்குப் பிறகு ஏழரை மணிக்கு மாற்றியிருக்கிறார்கள்.